சரணடைந்தவருக்கு வாக்குரிமை எதற்கு?

மதுவின் முன் தன் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வதே முதல் படி என்கிறது, 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் சுயஉதவி அமைப்பு. அப்படி ஒப்புக்கொண்டவரிடமே ஒரு வீட்டின் ஆட்சியை ஒப்படைக்கலாமா? மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் 1975இல் நடந்தது அதுதான். பணமில்லாமல் மூடப்படவிருந்த மறுவாழ்வு இல்லத்தை அங்கே தங்கியிருந்தவர்களே வாடகைக்கு எடுத்தார்கள். அப்படித்தான் ஆக்ஸ்ஃபர்ட் ஹவுஸ் பிறந்தது. அங்கே மேலாளர் கிடையாது. வாடகை, சமையல், புதியவரைச் சேர்ப்பது எல்லாம் குடியிருப்போர் வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். பொறுப்புக்கு வருபவர் ஆறு மாதத்தில் இறங்கிவிட வேண்டும். மறுபடி குடித்தவர் வெளியேற வேண்டும்.

சரணாகதியும் சுயாட்சியும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் பலமிழப்பது வேட்கை எழும் நேரத்தில், அதுவும் தனியாக இருக்கையில். தெளிந்த பொழுதில் தனக்கும் பிறருக்கும் பொதுவாக விதி வகுக்கும் அறிவு அவரிடம் அழிந்துவிடவில்லை. தனக்குத் தானே இடும் சட்டமே சுதந்திரம் என்றார் தத்துவஞானி கான்ட். இங்கே அந்தச் சட்டத்தைக் காக்க அடுத்த அறைக்காரரின் கண்ணும் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். குருடருக்குக் குருடர் வழிகாட்டுவதா என்பார்கள். டிபால் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் ஜேசன் குழு, சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் போதைக்குத் திரும்பியிருந்தவர்கள் ஆக்ஸ்ஃபர்ட் ஹவுஸ் வீடுகளுக்கு அனுப்பப்பட்டோரில் சுமார் 31 சதவீதம். வழக்கமான பின்சிகிச்சைக்குப் போனவர்களில் சுமார் 65 சதவீதம். இதற்குக் காரணம் வாக்குரிமையா, வெறும் நல்ல சகவாசமா என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டாது. ஆனாலும் மேலாளர் இல்லாவிட்டால் வீடு குலைந்துபோகும் என்ற அச்சத்துக்கு இது போதுமான பதில்.

கடினமான ஆட்சேபம் வேறு. அடிமைத்தனம் நோய் என்றால், நோயின் அறிகுறிக்காக நோயாளியை வெளியே தள்ளுவது என்ன அறம்? மற்றவர்களின் தெளிவும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது என்பது பாதி பதில்தான். தானும் சேர்ந்து ஏற்ற விதி ஒருவரை வெளியேற்றுவதும், முதலாளியின் கோபம் வெளியேற்றுவதும் ஒன்றல்ல; ஆனாலும் இரவில் தெருவில் நிற்பவருக்கு அந்த வேறுபாடு சோறு போடாது. ஆகவே இல்லம் தேடுகிறவர் சுவரின் வண்ணத்தைவிட முதலில் கேட்க வேண்டியவை: விதியை யார் வகுத்தார்கள், பணக்கணக்கை யார் பார்க்கலாம், வெளியேற்றப்பட்டவர் அன்றிரவு எங்கே போவார், திரும்பிவர வழியுண்டா? கணக்கைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: புளோரிடாவின் பாம் பீச் பகுதியில் சில இல்ல உரிமையாளர்கள் சிகிச்சை மையங்களுக்கு ஆள் அனுப்பித் தரகு வாங்கியது வழக்குகளில் வெளிவந்தது. அத்தகைய ஏற்பாட்டில் ஒருவர் மறுபடி விழுந்தால் உரிமையாளருக்கு மறுபடி வருமானம். குடியிருப்போர் கையில் கணக்குப் புத்தகம் இருக்கும் வீட்டில் அந்த வியாபாரத்தை ஓட்டுவது கடினம்.