வழியை மறித்து நிற்பவர் யார்?



எரிக்கோ நகரை விட்டு இயேசு புறப்பட்டபோது, தெருவோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு என்னும் பார்வையற்ற மனிதன் அவரைக் கூவியழைத்தான். அவனை ஆண்டவரிடம் சேரவொட்டாமல் தடுத்தது எது? அவனது பார்வையின்மையன்று; பேசாதிரு என்று அதட்டிய கூட்டமே. அக்கூட்டத்தினரோ ஆண்டவரோடு வழிநடந்தவர்கள்!

இன்றைய நகரத் தெருவிலும் இதுவே நிகழ்கின்றது. ஜப்பானியரான மியாக்கே செய்ச்சி என்பவர் 1965ஆம் ஆண்டில், காலாலும் கைத்தடியாலும் உணரக்கூடிய புடைப்புக் கல்லொன்றை உருவாக்கினார். 1967 மார்ச் 18ஆம் நாள் ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகிலுள்ள வீதியில் இக்கற்கள் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று பல நாடுகளில் இவை உள்ளன. நீண்ட கோடுகளாகப் புடைத்திருந்தால், இவ்வழியே செல்லலாம். வட்டப் புள்ளிகளாயின், நின்று கவனிக்க வேண்டும். மங்கலான பார்வையுள்ளோருக்கும் தென்படும்படி பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்கின்றார்கள்.

சக்கர நாற்காலியில் செல்வோருக்காக நடைபாதையின் விளிம்பைச் சில இடங்களில் வீதி மட்டத்துக்குத் தாழ்த்துவதுண்டு. நல்ல காரியமே. ஆனால் அவ்விளிம்பைத் தடியால் தட்டித்தான் பார்வையற்றவர் நடைபாதை முடிவதை அறிகின்றார். அது இல்லாதபோது, தம்மையறியாமலே வாகனங்களின் நடுவே இறங்கிவிடுவார். ஆகவேதான் அங்கே புள்ளிக் கற்கள் வேண்டும். ஒருவருக்குச் செய்யும் நன்மை மற்றவருக்கு ஆபத்தாகாதிருக்க, இருவரையும் கேட்டறிதல் அவசியம். பர்த்திமேயுவின் தேவை ஆண்டவருக்குத் தெரியாததா? ஆயினும், என்ன வேண்டுமென்று அவனையே அவர் கேட்டார்.

கல் பதித்தால் மட்டும் போதுமா? ஜப்பானிலேயே அக்கற்களின்மேல் துவிச்சக்கர வண்டிகளை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பகையினாலன்று, நினையாமையினால். பார்வையற்றவர் முன் இடறலை வைக்கலாகாதென்று விதிக்கும் லேவியராகமம், அவ்விதியோடு இறையச்சத்தையும் சேர்த்தே கூறுகின்றது. ஏன்? தடையை வைத்தவன் யாரென்று இடறி விழுந்தவன் காணமாட்டான், இறைவன் காண்கின்றார்.

எரிக்கோவின் கூட்டம் மாறிற்று. அதட்டிய கூட்டத்திலிருந்தே அவனுக்குத் தைரியம் சொல்லி எழுப்பிவிடும் குரலும் பிறந்தது. உங்கள் வாசலுக்கு முன்னாலுள்ள பாதையை இன்றே சென்று பாருங்கள். சாத்தி வைத்த வண்டியோ, கடைப் பலகையோ, மூடாத வடிகாலோ அங்கே உண்டா? அகற்றக்கூடியதை அகற்றுங்கள், மூடக்கூடியதை மூடுங்கள். அவ்வழியே வரும் சகோதரன் உங்கள் முகத்தை அறியமாட்டான். ஆனால் விழாமல் வீடு சேருவான்.