தாங்கும் யந்திரம்

சகிப்பு சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட குணமாகவே நம்மிடையே இருந்து வருகிறது. முணுமுணுக்காமல் காரியத்தைச் செய்துகொண்டே போகிறவனை உயர்ந்தவன் என்கிறோம். இந்த மதிப்பீட்டை மனிதர்களை வைத்துச் சோதித்தால் பரிவும் பழக்கமும் குறுக்கே வந்துவிடும். யந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

1998 நடுவிலிருந்து 2002 வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்புகளில் கம்மின்ஸின் 5.9 லிட்டர், 24 வால்வு எஞ்சின் இருந்தது. நீண்ட ஆயுளுக்குப் பேர்போனது. பலவீனம் டீசல் வரும் வழியில். டாங்கிலிருந்து டீசலைக் கொண்டுவரும் சிறிய மின்சார ஃபீட் பம்பு, டாங்குக்கு அருகில் இல்லாமல் எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. இவ்வகைப் பம்பு நன்றாகத் தள்ளும். தூரத்திலிருந்து இழுப்பதில் தளர்ந்துபோகும். அடுத்து இருப்பது பாஷின் விபி44 என்ற இன்ஜெக்ஷன் பம்பு. இதற்கு முந்தைய வண்டிகளில் இருந்த பி7100 பம்பை எஞ்சின் ஆயிலே வழுவழுப்பாக வைத்தது. விபி44க்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஆயிலும் டீசல், தண்ணீரும் டீசல். எரிந்ததுபோக மிஞ்சுவது சூட்டைச் சுமந்துகொண்டு டாங்குக்குத் திரும்புகிறது.

ஃபீட் பம்பு ஓய்ந்தாலும் வண்டி பல சமயம் நிற்பதில்லை. விபி44 தானே இழுத்துக்கொள்கிறது. எரிய வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது. குளிர்விக்க வேண்டிய உபரிதான் கிடைப்பதில்லை. முன்பலகையில் டீசல் அழுத்தத்துக்கு மீட்டர் வைக்கப்படவில்லை. ஓட்டுகிறவன் ஒன்றும் அறியான். கடைசியில் வண்டி நிற்கும்போது பலியாகியிருப்பது பல மடங்கு விலையுள்ள இன்ஜெக்ஷன் பம்பு.

இங்கே சகிப்பு என்ன செய்தது? இன்னொன்றின் குறையை மறைத்தது. மறைத்த காலமெல்லாம் அந்தக் குறை நீடிக்க உதவியது. எரிந்த டீசலை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறவனுக்கு, திரும்பிப்போகும் டீசல் வீண். பம்பின் உயிர் அந்த வீணில் இருந்தது. மனிதர்களிடமும் வேலைக்குப் போதுமானதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நிறுத்துகிற வழக்கம் உண்டு. வேலை நடப்பதால் ஒன்றும் குறையவில்லை என்று தோன்றும்.

உடனே நின்றுவிடுவதுதான் நேர்மை என்று இதற்கு அர்த்தமில்லை. மலைச்சாலையில் சுமையோடு நிற்கும் வண்டியால் யாருக்கும் லாபமில்லை. சில மைல்கள் தாங்குவது தேவை. யாருக்கும் தெரியாமல் தாங்குவதுதான் கேள்விக்குரியது.

பழைய வண்டியை மேம்படுத்துகிறவர்களில் சிலர், அதிக டீசலைப் பாய்ச்சும் மின்னணுப் பெட்டியை முதலில் மாட்டுகிறார்கள். ஏற்கெனவே தாங்குவதிடம் மேலும் கேட்பது இது. விஷயம் தெரிந்தவர்கள் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள். டாங்குக்குப் பக்கத்தில் சேஸிஸ் மீது வலுவான ஃபீட் பம்பு, அகலமான குழாய், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர், ஓட்டுகிறவன் கண்ணெதிரில் ஒரு மீட்டர். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்குக் கீழே முள் இறங்கக்கூடாது என்பது அவர்களிடையே பொதுவான கணக்கு. பிற்பாடு, 2005 மாடலில், தொழிற்சாலையே பம்பை டாங்குக்குள் கொண்டுபோயிற்று.

இவற்றில் தார்மீகமான பாகம் என்று ஒன்றைச் சொல்வதானால் மீட்டரைத்தான் சொல்லவேண்டும். அது ஒரு சொட்டு டீசலையும் நகர்த்துவதில்லை, குதிரைசக்தியைக் கூட்டுவதில்லை. முள் இறங்கிய பிறகும் ஓட்டிக்கொண்டே போகலாம். ஆனால் அதற்கப்புறம் தெரியாது என்று சொல்ல முடியாது.