மெதுவாக வாசிக்கச் சொன்னவர்

ராக்டைம் என்ற அமெரிக்கப் பியானோ இசையை எழுதிய ஸ்காட் ஜாப்ளின் தானே வாசித்த ஒலிப்பதிவு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877இல். ஜாப்ளின் நியூயார்க்கில் இறந்தது 1917 ஏப்ரல் 1 அன்று. இடையில் நாற்பது ஆண்டுகள். இசைத்தட்டுகள் கடைகளில் விற்ற காலத்தில்தான் அவர் வாழ்ந்தார். ஆனாலும் அந்த விரல்களின் ஒலியை யாரும் பிடித்து வைக்கவில்லை.

ராக்டைமைத் தேடிப் போகிறவர் முதலில் வந்து நிற்கும் இடம் இந்த வெற்றிடம். இதை அவசரப்பட்டு நிரப்ப வேண்டியதில்லை. இது இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, கிடைக்கும் ஒவ்வொரு சான்றையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

*

அவர் விட்டுச்சென்றது தாள். மிசௌரி மாநிலத்தில் செடாலியா என்ற ரயில் ஊர். அங்கே இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜான் ஸ்டார்க் 1899இல் ‘மேப்பிள் லீஃப் ராக்’ இசைத்தாளை வெளியிட்டார். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஜாப்ளினுக்கு ஒரு சென்ட் என்பது ஒப்பந்தம். ஒரு கறுப்பினக் கலைஞருக்கு அந்நாளில் இப்படி ஓர் உரிமைத்தொகை கிடைத்ததே அரிது. நடுத்தர வீடுகளின் கூடத்தில் பியானோ இருந்த காலம் அது. புதிய பாட்டு வீட்டுக்குள் வந்தது தாளாகத்தான்.

ஆகவே தேடலும் தாளிலிருந்தே தொடங்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி தொகுப்பு, மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெம்பிள்டன் தொகுப்பு, வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகம் என இம்மூன்றும் பழைய இசைத்தாள்களை ஒளிப்படி எடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. ஜாப்ளின் காலத்துப் படைப்புகளுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், வாசிக்கலாம்.

அந்தத் தொகுப்புகளில் சில அட்டைகள் மனதைக் காயப்படுத்தும். கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கி விற்ற காலத்தின் அட்டைகள் அவை. அவற்றை வேகமாகத் தள்ளிவிடாமல் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எந்தச் சந்தையில் நின்றுகொண்டு ஜாப்ளின் தன் இசைக்கு மதிப்புக் கேட்டார் என்பது அப்போதுதான் புரியும்.

*

ராக்டைமின் வேலைப்பாடு எளிமையானது. இடது கை நடையைப் பிடித்திருக்கிறது. கீழே ஒரு ஸ்வரம், மேலே கார்டு எனும் ஒரு ஸ்வரக்கூட்டு, மறுபடி கீழே, மறுபடி மேலே. அந்த நடை பிசகுவதில்லை. வலது கையின் மெட்டு, அடி விழும் இடத்தைச் சற்று முந்துகிறது அல்லது தாண்டி விழுகிறது. தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளி அமையும் எடுப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த விளையாட்டு முற்றிலும் அந்நியமாக இருக்காது.

‘மேப்பிள் லீஃப் ராக்’கில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் பதினாறு அளவுகள். முதல் பகுதி இருமுறை, இரண்டாவது இருமுறை, முதலாவது ஒருமுறை திரும்ப, பிறகு மூன்றாவதும் நான்காவதும் இருமுறை வீதம். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், ஒரே துள்ளலாகத் தோன்றியது அறை அறையாகப் பிரிந்து தெரியும்.

*

1908இல் ஜாப்ளின் ‘ஸ்கூல் ஆஃப் ராக்டைம்’ என்ற சிறிய பாடநூலை வெளியிட்டார். அதில் இருப்பவை ஆறே பயிற்சிகள். இந்த இசையைக் கற்க நினைக்கும் யாரும் தொட வேண்டிய முதல் ஏடு அதுதான். எந்த ஸ்வரத்தை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு வியக்க வைக்கிறது. பின்னாளில் வெளியான அவரது இசைத்தாள்கள் பலவற்றின் தலையில் வேகமாக வாசிக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். மதுக்கூடங்களில் யார் வேகமாக வாசிப்பது என்று போட்டி நடந்த இசை அது. அதே இசைக்கு அவர் கேட்டது நிதானம். வேகத்தில் வாசித்தால் கைத்திறன் தெரியும். ஆனால் உள்குரல்கள் நகர்வதும், ஒரு கார்டு இன்னொன்றாக இளகுவதும் காதில் விழாமல் போகும்.

*

அடுத்த சான்று பியானோ ரோல். துளையிட்ட நீண்ட காகிதச் சுருள் ஓட ஓட, பியானோவின் கட்டைகள் தாமே அழுந்தும். 1916இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், ஜாப்ளின் சில ரோல்களுக்கு வாசித்தார். ‘மேப்பிள் லீஃப் ராக்’கும் அவற்றில் உண்டு. அப்போது அவர் கடுமையாக நோயுற்றிருந்தார்.

இந்த ரோல்களைத் தேடிக் கேளுங்கள். அதே சமயம், அவை தருவதன் எல்லையையும் அறிந்து கேளுங்கள். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை அத்தகைய ரோல் சொல்லும். விரல் எவ்வளவு அழுத்தியது என்பதைச் சொல்லாது. ஓடும் வேகத்தை இயக்குபவர் மாற்றலாம். தொழிற்சாலையில் இருந்த தொகுப்பாளர்கள் துளைகளைத் திருத்தினார்கள், கூடுதல் ஸ்வரங்களும் சேர்த்தார்கள். ஜாப்ளினுக்கும் நமக்கும் நடுவே இன்னொருவர் கை இருக்கிறது.

*

நெடுநாள் வாழ்ந்தவர்களின் கைகளும் சான்றுதான். ஜோசஃப் லாம்ப் நியூஜெர்சியில் பிறந்த வெள்ளையர். ஜாப்ளினை ஸ்டார்க்கின் நியூயார்க் அலுவலகத்தில் சந்தித்தார். 1908இல் லாம்பின் ‘சென்சேஷன்’ வெளியானபோது, அது விலைபோகட்டும் என்று ஜாப்ளின் தன் பெயரையும் அட்டையில் போடக் கொடுத்தார். பிறகு லாம்ப் உலகின் கண்ணிலிருந்து மறைந்தார். ரூடி பிளெஷும் ஹாரியட் ஜானிஸும் ராக்டைம் பற்றிய தங்கள் புத்தகத்துக்காகத் தேடி, அவரை புரூக்ளினில் கண்டுபிடித்தார்கள். 1959இல் இசை ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் அவர் வீட்டுக்கே போய் வாசிப்பைப் பதிவு செய்தார். மறு ஆண்டு லாம்ப் இறந்தார். ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பதிவில் ஒரு முதியவர் தன் இளமைக்கால இசையைத் தானே எடுத்து வைக்கிறார்.

ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனும் உண்டு. 1938இல் காங்கிரஸ் நூலகத்தில் ஆலன் லோமாக்ஸ் அவரைப் பேசவும் வாசிக்கவும் வைத்தார். ‘மேப்பிள் லீஃப் ராக்’கை மிசௌரிக்காரர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று ஒருமுறை காட்டிவிட்டு, தன் நியூ ஆர்லியன்ஸ் பாணியில் மறுமுறை வாசிக்கிறார். ராக்டைமும் ஜாஸும் பிரியும் இடத்தை விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

*

புத்தகங்களில் இரண்டைச் சொல்வேன். பிளெஷும் ஜானிஸும் 1950இல் வெளியிட்ட ‘தே ஆல் ப்ளேய்ட் ராக்டைம்’, சாட்சிகள் உயிரோடு இருந்தபோதே கேட்டு எழுதியது. எட்வர்ட் பெர்லினின் ‘கிங் ஆஃப் ராக்டைம்’ 1994இல் வந்தது. பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் வைத்துச் செவிவழிக் கதைகளைச் சலித்தெடுத்தது. முதலாவதில் மனிதர்களின் குரல் இருக்கிறது. இரண்டாவதில் சான்றின் உறுதி இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

1970இல் பியானோ கலைஞர் ஜாஷுவா ரிஃப்கின் நான்சச் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜாப்ளினின் ராக்குகளைச் செவ்வியல் இசைக்குரிய மரியாதையோடு, நிதானமாக வாசித்துப் பதிந்தார். மறு ஆண்டு நியூயார்க் பொது நூலகம் ஜாப்ளினின் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டது. 1973இல் ‘தி ஸ்டிங்’ படம், 1902இல் வெளிவந்த ‘தி என்டர்டெய்னர்’ மெட்டை உலகமெங்கும் கொண்டுபோனது. படத்தின் கதை நடப்பது 1936இல். அதனால் இந்த இசையும் அந்தக் காலத்தது என்று நம்பியவர்கள் உண்டு.

*

அந்த ஒரு மெட்டோடு நின்றுவிடக் கூடாது. 1905இல் வந்த ‘பெத்தீனா’வைக் கேளுங்கள். மணமாகி மூன்று மாதம் ஆகுமுன்னே மனைவி ஃப்ரெடியை நிமோனியாவுக்குப் பறிகொடுத்த மறு ஆண்டு வெளியான வால்ட்ஸ் அது. 1909இன் ‘சொலஸ்’ கேளுங்கள். பிறகு ஜேம்ஸ் ஸ்காட், டாம் டர்பின், ‘டஸ்டி ராக்’ எழுதிய மே ஆஃப்டர்ஹைடே ஆகிய மற்ற ராக்டைம் இசையமைப்பாளர்களிடம் போகலாம்.

‘ட்ரீமனிஷா’ ஓபராவை ஜாப்ளின் 1911இல் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். கல்வி கற்ற ஒரு கறுப்பினப் பெண் தன் மக்களுக்கு வழிகாட்டும் கதை. முழுமையாக மேடையேறியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1972இல்தான் அட்லாண்டாவில் அது நடந்தது. 1976இல் அவருக்குச் சிறப்புப் புலிட்சர் விருது வழங்கப்பட்டது.

*

தொடங்குபவருக்கு ஒரு வழி சொல்ல வேண்டுமானால், ‘மேப்பிள் லீஃப் ராக்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1899இன் தாளை முன்னால் விரித்து வைத்து, 1916இன் ரோல், 1938இன் மார்ட்டன், 1970இன் ரிஃப்கின் என வரிசையாகக் கேட்க வேண்டும். நான்கும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடங்களில்தான் காலம், கருவி, நோய், ஊர், ரசனை ஒவ்வொன்றும் என்ன செய்திருக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறோம். அதன் பின் தாளுக்குத் திரும்பி, அவர் கேட்ட வேகத்தில் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் விரலால் வரியைத் தொடர்ந்தபடி கேட்டாலும் போதும். தன் இசை ஒருநாள் மதிக்கப்படும் என்று நம்பியவர், அந்த நம்பிக்கையை வைத்தது அச்சிட்ட தாளில். அதை அவர் சொன்னபடி, அவசரமின்றி வாசிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம்.