இலை உதிரும் காலம்

தென் டில்லியில் டில்லி ஹாட்டுக்கு எதிரே அமைந்துள்ளது ஐ.என்.ஏ. மார்க்கெட். இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் சந்தை, தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமான இடம். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை எனத் தென்னாட்டுச் சமையலுக்கு வேண்டியவை அங்கே கிடைக்கின்றன. ஜனவரி மாத மூடுபனியிலும் அங்கு பச்சைக் கறிவேப்பிலை வாங்கலாம்.

வாங்கிச் செல்பவரின் மொட்டைமாடித் தொட்டியில் உள்ள கறிவேப்பிலைச் செடியோ, அதே ஜனவரியில் மஞ்சளித்து, இலை உதிர்த்து, குச்சியாக நிற்கிறது. சந்தையில் எக்காலமும் இலை உண்டு. செடிக்கோ பருவம் உண்டு.

மகான்களின் உபதேசங்களை நூல்களிலிருந்து எந்நாளும் பெறலாம். அவை பிறர் நிலத்தில் விளைந்தவை, நன்மை பயப்பவை. ஆனால் சொந்த அனுபவம் அவரவர் உள்ளத்தில், உரிய காலத்தில்தான் தளிர்க்கும்.

வறட்சி வரும்போது

சாதனையின் தொடக்கத்தில் ஜபம் இனிக்கிறது. பூஜையில் மனம் உருகுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் ஒரு குளிர்காலம் வருகிறது. நாவு மந்திரத்தைச் சொல்கிறது. மனம் மரத்துக் கிடக்கிறது. 'இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டானோ?' என்று சாதகன் கலங்குகிறான்.

இலை உதிர்ந்த செடியைப் பட்டுவிட்டதென எண்ணிப் பிடுங்கி எறிபவர் உண்டு. பதறிப்போய் நீரையும் உரத்தையும் கொட்டுபவரும் உண்டு. குளிரில் ஒடுங்கியிருக்கும் செடியால் அந்த நீரை ஏற்க முடிவதில்லை, வேர் அழுகுகிறது. குளிர் கொல்லாத செடியை அவசரம் கொன்றுவிடுகிறது. சாதனையைக் கைவிடுபவன் முதல் தவற்றைச் செய்கிறான். மந்திரத்தை மாற்றி, குருவை மாற்றி, விரதங்களை அடுக்குபவன் இரண்டாவது தவற்றைச் செய்கிறான்.

அனுபவமுள்ள தோட்டக்காரர் தொட்டியை வெயில்படும் இடத்துக்கு நகர்த்துகிறார். மண் காய்ந்த பிறகே அளவாக நீர் விடுகிறார். வெண்டை விதையை உலர்வாகக் காத்து வைக்கிறார். மண்ணின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கையில் விதைத்தால் அது சரிவர முளைக்காமல் அழுகிவிடும் என்பதை அறிவார். பிப்ரவரி பிற்பகுதி வரை அவர் விதைக்கவில்லை. ஆனால் சோம்பியும் இருக்கவில்லை. மக்கிய எருவைக் கலந்து மண்ணைப் பதப்படுத்துகிறார்.

தாங்குதலும் நம்பிக்கையும்

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், குளிரும் வெப்பமும் வந்து போகும் இயல்புடையவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று பகவான் அர்ஜுனனுக்கு அறிவுறுத்துகிறார். வேதாந்தம் இப்பண்பைத் 'திதிக்ஷை' என அழைக்கிறது. சாதகனுக்குரிய ஆறு செல்வங்களை 'விவேக சூடாமணி' வரிசைப்படுத்தும்போது, திதிக்ஷையை அடுத்துச் சிரத்தை வருகிறது. நம்பிக்கையில்லாத பொறுமை வெறும் துன்பமாகிறது. பொறுமையில்லாத நம்பிக்கை அவசரமாகிறது. தோட்டக்காரரிடம் இரண்டும் இருக்கின்றன.

குளிர் செய்யும் பணி

குளிர் பொறுத்துக் கடக்க வேண்டிய இடையூறு மட்டும்தானா? பிப்ரவரியில் டில்லியின் சாந்தி பத சாலையோரம் பூக்கும் டூலிப் மலர்கள் இதற்கு விடை கூறுகின்றன. வெங்காயம் போன்ற அதன் கிழங்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரில் இருந்தாக வேண்டும். இல்லையேல் தண்டு நீண்டு மலர் உயராது. டில்லியின் குளிர் அதற்குப் போதாது. ஆகவே முன்கூட்டியே குளிரூட்டப்பட்ட கிழங்குகளே இங்கு நடப்படுகின்றன. 'சில்லை கலான்' என்னும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கும் காஷ்மீரிலோ, இலையுதிர் காலத்தில் நட்ட கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அக்குளிரைப் பெற்று, வசந்தத்தில் மலர்கின்றன.

இதில் வியப்பு ஒன்று உண்டு. முந்தைய கோடையிலேயே கிழங்கினுள் மலரின் கரு உருவாகிவிடுகிறது. குளிர் மலரைப் புதிதாகப் படைப்பதில்லை. உள்ளே இருப்பது வெளிவர வழி செய்கிறது. ஆத்மாவும் புதிதாக வந்து சேரும் பொருளன்று, என்றும் உள்ளிருப்பது. சுவை தராத ஜபத்தையும் விடாது செய்பவன், பலனுக்காக அன்றி இறைவனுக்காகவே அவனை நாடக் கற்கிறான். இனிமை நிறைந்த நாட்கள் இந்தப் பாடத்தை எளிதில் கற்பிப்பதில்லை.

ஆகவே மனம் வறண்ட நாளிலும் சாதகன் குறித்த நேரத்தில் ஆசனத்தில் அமரட்டும். சிறிதளவேனும் நூல் ஓதட்டும். அருகிலுள்ளோர்க்கு இயன்ற தொண்டு புரியட்டும். விதை முளைத்ததா என்று தினமும் மண்ணைக் கிளற வேண்டாம். மண்ணைக் காப்பது அவன் கடமை. தளிர்க்கச் செய்வது இறைவன் அருள்.