காத்திருக்க முடிந்தவரின் சந்தை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில், பெரும்போக அறுவடை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். மெசின் வயலில் இறங்கிய கையோடு வரம்போரத்தில் லொறியும் வந்து நிற்கும். ஈரம் காயாத நெல்லை அங்கேயே மூடை கட்டி, அங்கேயே நிறுத்து, வியாபாரி சொல்லும் விலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். விவசாயியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மெசின் கூலியை அன்றே கொடுத்தாக வேண்டும். பசளைக்கும் மருந்துக்கும் பட்ட கடன் நிற்கிறது. அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறுகிறது. நெல்லைப் பரப்பக் களம் இல்லாத சிலர் தார் வீதியின் ஒரு பக்கத்தைக் கல் வைத்து மறித்துக் காயவிடுவதும் உண்டு. ஒரு மழை வந்தால் அதுவும் போச்சு. இதைச் சுதந்திரமான கொடுக்கல் வாங்கல் என்று சொல்ல மனம் வருமா?

சமத்துவம் பேசுபவர்களும் சந்தையை ஆதரிப்பவர்களும் இந்த இடத்தில் விலையைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார்கள். விலைக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. 'இந்த விலைக்குத் தரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக யாருக்கு இயலும்? அது ஒரு தரப்புக்கு மட்டும் இயலுமென்றால், அங்கே நடப்பது பேரம் அல்ல.

அரசு இதைச் சரிசெய்ய முயன்ற கதை நீளமானது. 1971இல் நெல் சந்தைப்படுத்தல் சபை அமைக்கப்பட்டது. தரகரிடமிருந்து விவசாயியைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் சபையை அமைத்த ஆட்சியின் காலத்திலேயே நெல், அரிசி வியாபாரம் அரசின் பிடிக்குள் போனது. வீதித் தடைகளில் பயணிகளின் பைகளைத் திறந்து அரிசி தேடினார்கள். வியாபாரிக்கு மறுப்புச் சொல்ல முடியாதிருந்தவர் இப்போது அரசாங்கத்துக்கு மறுப்புச் சொல்ல முடியாதவர் ஆனார். 1977இல் கதவுகள் திறந்தன. பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அதே அரசுதான் மறுவருடம் புதிய யாப்பு எழுதி, நாட்டுக்குச் சனநாயக சோசலிசக் குடியரசு என்று பெயரும் வைத்தது. பெயர்ப்பலகைகளை நம்பி அறம் பேச முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். திறந்த சந்தையில் களஞ்சியம் வைத்திருந்தவர் வளர்ந்தார். களமில்லாதவர் வரம்போரத்திலேயே நின்றார்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ததும் நல்லெண்ணத்தின் பெயரால்தான். விவசாயியைக் கேட்காமல் மேலிருந்து இறக்கிய நன்மை. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் படுத்துவிட்டது.

2025 பெப்ரவரி தொடக்கத்தில் அரசு நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தது. அதற்குள் கிழக்கில் அறுவடை தொடங்கிவிட்டிருந்தது. அந்த விலைக்கு நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்கியது ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லை. காயவைக்க இடமில்லாதவருக்கு 120 ரூபா என்பது பத்திரிகையில் வாசிக்கும் செய்தியாக மட்டுமே இருந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நாட்கூலிக்குப் போகிறவர், வாவியில் வலை வீசி வாழ்கிறவர் எல்லோருமே அரிசி வாங்கித் தின்கிறவர்கள். நெல் விலை ஏறினால் அவர்களின் உலையில் கைவைக்கிறது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230 ரூபா உச்ச விலை விதித்தது அவர்களுக்காகத்தான். கணக்குப் போட்டால், ஒரு கிலோ நெல் குற்றினால் 600 முதல் 650 கிராம் அரிசி வரும். 120 ரூபாவுக்கு நெல் வாங்கினால் ஒரு கிலோ அரிசிக்கான நெல்லே 190 ரூபாவை நெருங்கிவிடும். மிச்சம் 40 ரூபாவுக்குள் ஏற்றுக்கூலி, அவியல், மின்சாரம், கடைக்காரர் பங்கு எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ஆலைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. சிறிய ஆலைகள் இந்த இடைவெளியில் நசுங்குகின்றன. நெல்லை மாதக்கணக்கில் பிடித்து வைக்கக்கூடிய சில பெரிய ஆலைகளுக்கே காலம் இலாபமாகிறது. இங்கேயும் வெல்வது காத்திருக்க முடிந்தவர்தான்.

அப்படியானால் அரசின் கடமை எது? மண்முனைத் துறையில் பாதைப் படகில் ஏறி ஆளும் சுமையும் வாவியைக் கடந்த காலம் இருந்தது. 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் வந்தது. பொதுப்பணத்தில் வந்த பாலம், தனியார் லொறிகளுக்கு வழி திறந்தது. ஒரு லொறிக்கு மறுத்தால் இன்னொன்றை எதிர்பார்க்கலாம் என்ற நிலை அப்படித்தான் உருவாகும். காயவைக்கும் களம், நெல்லை வைத்துவிட்டு அதன் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுக்கக்கூடிய களஞ்சியம், கூட்டுறவுச் சங்கத்தின் கையில் ஒரு சிறிய ஆலை, இவையெல்லாம் அந்தப் பாலத்தின் இனத்தைச் சேர்ந்தவை. வியாபாரியை விரட்டத் தேவையில்லை. அவர் வரட்டும், போட்டி போட்டு வாங்கட்டும்.

கட்டுப்பாடு என்றாலே வளர்ச்சிக்கு எதிரி என்பவர்கள் போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டம் ஒன்றில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். காணி அவரவருடையது, நீர் எல்லோருடையது. எப்போது விதைப்பது, எந்த நாளில் வாய்க்காலில் நீர் விடுவது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையைவிட்டு மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது என்று அங்கே முடிவாகும். மீறினால் தண்டம். அதை யாரும் சர்வாதிகாரம் என்பதில்லை, ஏனென்றால் கட்டுப்படுகிறவர்களுக்கே அங்கே வாய் உண்டு. வாவியில் தங்கூசி வலைத் தடையும் இந்த வகைதான். ஒருவர் இன்று அள்ளுவது பலரின் நாளைய மீன். ஆனால் மாட்டைக் கொண்டுபோ என்று சொல்லும் அரசு, போகிற இடத்தையும் காத்துத் தர வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து வீதியோரம் உட்கார்ந்து போராடியது, அந்தப் பாதிக் கடமை நிறைவேறாததால்தான்.

அடுத்த பெரும்போகத்துக்கான உத்தரவாத விலையை விதைப்புக்கு முன்பே, ஆரம்பக் கூட்டத்திலேயே அறிவியுங்கள். களஞ்சியக் கதவை முதல் மெசின் வயலில் இறங்குமுன் திறந்து வையுங்கள்.