வானத்துப் படமும் மண்ணில் நின்றவர் வாக்கும்

1944 ஏப்ரல் 4. இத்தாலியின் ஃபோஜ்ஜாவிலிருந்து கிளம்பிய தென்னாப்பிரிக்க விமானப்படையின் மாஸ்கிட்டோ விமானம் ஒன்று போலந்தின் ஆஷ்விட்சுக்கு மேலே படமெடுத்துச் சென்றது. மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் கட்டிவந்த செயற்கை ரப்பர், எரிபொருள் ஆலைதான் குறி. ஆலைக்கு முன்பே கேமராவை முடுக்கி, கடந்த பிறகே நிறுத்துவது வழக்கம் என்பதால் பக்கத்திலிருந்த ஆஷ்விட்ஸ் முகாமும் சுருளில் விழுந்தது. பிந்தைய பயணங்களில் அதன் கொலைக்களமான பிர்க்கெனாவும் விழுந்தது. அந்த மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கத்துக்குள் ஹங்கேரியிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் வந்திறங்கியதுமே நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர்.

படங்கள் கோப்பில் கிடந்தன. 1979இல் அமெரிக்க உளவுத்துறையின் டினோ புருஜியோனியும் ராபர்ட் பாய்ரியரும் அவற்றைப் பெரிதாக்கி ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆகஸ்ட் 25ஆம் தேதிப் படத்தில், ரயிலிலிருந்து இறங்கியவர்கள் தகனக்கூடத்தை நோக்கி வரிசையாக நடக்கிறார்கள்.

அன்றே இதைக் காணாதவர்கள் குற்றவாளிகளா? இங்கிலாந்தில் அமர்ந்து ஆலையின் சேதத்தைக் கணக்கிட்ட ஆய்வாளர்மீது அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமல்ல. மனிதர் அந்தப் படங்களில் வெறும் புள்ளி. தேடச் சொன்னதும் வேறு. ஆனால் ஏப்ரலில் ஆஷ்விட்சிலிருந்து தப்பிய ருடால்ஃப் விர்பாவும் ஆல்ஃபிரட் வெட்ஸ்லரும் முகாமின் வரைபடத்தோடு அறிக்கை தந்திருந்தார்கள். அதன் செய்தி அந்தக் கோடையிலேயே நேச நாட்டு அரசுகளை எட்டியது. முகாமுக்குச் செல்லும் தண்டவாளங்களைத் தகர்க்கும்படி வந்த வேண்டுகோள்களை அமெரிக்கப் போர்த்துறை நிராகரித்தது; ஆகஸ்ட் 20 அன்று சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆலைமீதோ குண்டு விழுந்தது. தகர்த்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. ஆனால் கையிலிருந்த அறிக்கையையும் கையிலிருந்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க விமானமோ குண்டோ தேவையில்லை. அதைச் செய்யும்படி ஆணையிடாத மேலிடத்துக்கு மன்னிப்பில்லை.

இன்னொரு அநீதி பின்னாளில் நடந்தது. சில படங்களில் புகை இல்லை என்று காட்டி, கொலையே நடக்கவில்லை என வாதிட்டார்கள் மறுப்பாளர்கள். படம் காட்டுவது ஒரு நொடியை மட்டுமே. ஆகஸ்ட் 23ஆம் தேதிப் பிரிட்டிஷ் படத்தில், பிணங்களை எரித்த குழிகளிலிருந்து புகை எழுவது தெளிவாகவே தெரிகிறது. அதுகூட இரண்டாவது விடைதான்; முதல் விடை உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம். தகனக்கூடங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு ஓடியவர்கள் நாஜிகள். அப்படியிருக்க, உயிர் பிழைத்தவரிடம் 'படம் காட்டு, அப்போதுதான் நம்புவோம்' என்பது, தடயத்தை அழித்தவனுக்கே பரிசளிப்பதாகும். 1979இன் ஆய்வாளர்களாலும் அந்தப் புள்ளிகளை அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், அந்தப் பாதையில் என்ன நடந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருந்ததுதான். சாட்சியம் முதலில் வந்தது. படம் அதைத் தொடர்ந்து வந்தது.

அந்த மறுப்பாளர்களில் ஒருவரான டேவிட் இர்விங் தொடுத்த அவதூறு வழக்கில், நச்சுப்பொருளைக் கொட்டிய வாயு அறைக் கூரையின் துளைகள்வரை வாதம் போனது. சாட்சியங்கள், ஆவணங்கள், வான்படங்கள் யாவற்றையும் சேர்த்து எடைபோட்ட நீதிபதி சார்லஸ் கிரே, 2000 ஏப்ரல் 11 அன்று இலண்டனில் தீர்ப்பளித்தார்: ஆஷ்விட்சின் வாயு அறைகளை ஐயுற நடுநிலையான வரலாற்றாசிரியர் எவருக்கும் தக்க காரணமில்லை.