பிள்ளையின் கையில் என்ன கொடுப்போம்?



ஆகமன காலம் பிறந்துவிட்டது. பாலன் பிறப்புத் திருநாளுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. புதுத்துணி எடுக்கவும், பலகாரத்துக்குச் சாமான் வாங்கவும் நீங்கள் காரைக்குடிக்குப் பஸ் ஏறுவீர்கள். போன இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமானாவது வாங்காமல் திரும்ப மாட்டீர்கள். வாங்குங்கள், அது நல்ல காரியமே. ஆனால் கடைப்படி ஏறுமுன் ஒரு கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். பிள்ளையின் கையில் என்ன கொடுக்கப் போகிறோம்?

“இது பிரசங்கத்துக்கு ஏற்ற பொருளா, சாமி?” என்று சிலர் கேட்கக்கூடும். ஏற்ற பொருள்தான். அதற்கு அத்தாட்சியாக முதலில் என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருஷம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருநாள் பரிசு வாங்க நானே கடைக்குப் போனேன். அவசரம். மலிவாக, பளபளப்பாக எது கண்ணில் பட்டதோ அதையே மொத்தமாக எடுத்தேன். பையன்களுக்கு, அழுத்தினால் விளக்கெரிந்து சத்தம் போடும் பிளாஸ்டிக் துப்பாக்கிகள். நள்ளிரவுப் பூசை முடிந்து அவற்றைக் கொடுத்தேன். அப்புறம் மூன்று நாளும் கோயில் முற்றம் யுத்தகளந்தான்! ஒரு சிறுவன் குடிலுக்கு முன் மண்டியிட்டு, இடையர்களைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். டிசம்பர் 28-ந் தேதி, மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் காலையில், உடைந்த துப்பாக்கித் துண்டுகளைக் கூட்டி அள்ளிய உபதேசியார் என்னைப் பார்த்து, “சாமி, இந்த வருஷம் ஏரோதோட சேவகர் நம்ம கோயிலுக்கே வந்துட்டாக போல!” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவகர் கையில் ஆயுதம் கொடுத்தவன் நானல்லவா?

அன்று முதல் இதைப்பற்றி யோசித்து வருகிறேன்.

ஆண்டவராகிய சேசுநாதர் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்துப் பார்த்தவர். சந்தைவெளியில் உட்கார்ந்து, ஒரு சமயம் குழலூதிக் கலியாண விளையாட்டும், ஒரு சமயம் ஒப்பாரி வைத்து இழவு விளையாட்டும் ஆடிய பிள்ளைகளைப்பற்றி அவர் பேசியதை அர்ச். மத்தேயுவும் அர்ச். லூக்காவும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பின்னால் செய்யப்போவதை இப்போதே ஒத்திகை பார்க்கிறார்கள். சக்கரியாஸ் தீர்க்கதரிசியோ, சர்வேசுரன் ஜெருசலேமுக்குத் திரும்பத் தரப்போகும் சமாதானத்தை வர்ணிக்கும்போது, பட்டணத்து வீதிகள் விளையாடும் ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் நிறைந்திருக்கும் என்கிறார். ஆகவே விளையாட்டு வீண்பொழுதல்ல, சமாதானத்தின் அடையாளம். நசரேத்தூரில் தச்சராகிய அர்ச். சூசையப்பரின் பட்டறையில் மரச்சீவல்களுக்கு நடுவே வளர்ந்த திருப்பாலகர் அதை அறியாதவரா?

விளையாட்டு வாழ்க்கைக்கு ஒத்திகையானால், விளையாட்டுச் சாமான் ஒரு சிறு ஆசிரியர். வீட்டுக்கு எந்த ஆசிரியரை அழைத்து வருகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நம்முடைய முன்னோர் இதை நன்றாய் அறிந்திருந்தார்கள். செப்புச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயமேற்றி, விரலளவு பானை, சட்டி, அம்மி, திருகை, குடம் என்று ஒரு சமையற்கட்டையே செய்து கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்கிறது? மணலைச் சோறாக்கி, இலையைக் கறியாக்கி, “தாத்தா, சாப்பிட வாங்க” என்று கூப்பிடுகிறது. பிறருக்குப் பரிமாறுகிற ஒத்திகை அது. இது பெண்பிள்ளைக்கு மட்டுமென்று எண்ண வேண்டாம். உயிர்த்த நமதாண்டவர் திபேரியாக் கடற்கரையில் தமது சீடர்களுக்கு மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருந்தாரே. நம் பையன்கள் பரிமாறப் பழகினால் குறைந்தா போவார்கள்?

பல்லாங்குழியைப் பாருங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். எடுத்ததை ஒவ்வொன்றாகப் பகிர்ந்து போட்டுக்கொண்டே போனால்தான் ஆட்டம் நடக்கும். கையில் இறுக்கிப் பிடித்தவன் ஆட முடியாது. குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அந்தக் குழிக்குரியவர் எடுத்துக்கொள்கிறார். எதிராளி எண்ணுவதை நம்ப வேண்டும். தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கணக்கும், நேர்மையும், பொறுமையும் ஒரே பலகையில் இருக்கின்றன.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் ஒருவகை, எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும். காரணம் என்ன? அடிப்பாகம் களிமண்ணால் வட்டமாகவும் கனமாகவும் இருக்கிறது, மேலே கனமில்லை. ஞானஸ்நானத்தில் பெற்ற தேவ இஷ்டப்பிரசாதம் அடியில் கனமாயிருக்கும் ஆத்துமமும் அப்படியே. விழுந்தாலும் பாவசங்கீர்த்தனத்தில் எழுந்து நிற்கும். தலைக்கனம் மிஞ்சினால்தான் விழுந்தது விழுந்தபடி கிடக்கும்! பொம்மையை ஆட்டிக் காட்டி இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஆயுசுக்கும் மறக்காது.

மரப்பாச்சியை நவராத்திரிக் கொலுவில் வைக்கிறார்களே, நாம் வாங்கலாமா என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். பிள்ளை துணி சுற்றித் தாலாட்டுவதற்கு வாங்குகிற மரப்பொம்மை பொம்மைதான், அதில் தோஷமில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய மரப்பாச்சி செம்மரத்தில் செய்தது. இன்று அந்த மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் பூசியதும் கடைகளில் கிடைக்கிறது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், பல் முளைக்கும் குழந்தையின் கையில் கொடாதீர்கள்.

இவையெல்லாம் இப்போது எங்கே கிடைக்கின்றன என்பீர்கள். பிள்ளையார்பட்டி வழியாகக் காரைக்குடிக்குப் போய்வரும்போது நானும் தேடினேன். முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் இடையில் ஒரு பல்லாங்குழிப் பலகை கிடந்தது. எத்தனை பிள்ளைகளின் விரல் பட்டதோ, குழிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. வெளியூர்க்காரர் அதை வாங்கிப் போய்க் கண்ணாடி அலமாரியில் அலங்காரமாக வைப்பார்கள். நம் பிள்ளைகள் ஆட வேண்டிய பலகை அலங்காரப் பொருளாகி, நம் பிள்ளைகளோ செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! மனம் கனத்துத்தான் திரும்பினேன்.

ஆனாலும் மனந்தளர வேண்டாம். புதுக்கடைகளிலும் நல்லது உண்டு. அது வாசலில் இராது. கீழ்த்தட்டில், பின்மூலையில் இருக்கும். “மரச்சாமான் இருக்கிறதா, பம்பரம் இருக்கிறதா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பாரிருந்தால் கடைக்காரர் வரவழைப்பார். பிள்ளையார்பட்டி போன்ற யாத்திரைத் தலங்களின் கடைவீதிகளிலும், நமது கோயில் திருவிழாக் கடைகளிலும் விசாரியுங்கள். மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போகிறவர்கள் அரசாங்கத்தின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் பார்க்கலாம்.

கடையில் நிற்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: விளையாடப்போவது பிள்ளையா, பொம்மையா? பொத்தானை அழுத்தினால் பொம்மையே பாடி, பொம்மையே ஓடினால், பிள்ளைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையில்லை. பேசாத பொம்மைக்குப் பிள்ளைதான் பேச வேண்டும்.

இரண்டாவது: இதை வைத்து இரண்டுபேர் விளையாட முடியுமா? தம்பிக்கும் தங்கைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இடங்கொடுக்கிற சாமானே சிநேகத்தை வளர்க்கும்.

மூன்றாவது: இதனால் பிள்ளைக்கு ஆபத்து வருமா? பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தொழிற்சாலைச் சாமானில் அதைப் பார்த்து வாங்குங்கள். பதிவுபெற்ற கைவினைஞர் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அங்கே கூர்முனை, சிலாம்பு, உதிரும் சாயம் இவற்றை உங்கள் விரலே சோதிக்கட்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாயில் அடங்கும் சிறு சாமான் ஆகாது. செப்பும் சோழியும் புளியங்கொட்டையுங்கூட இதில் சேர்ந்தவையே. வட்டப் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மரமெல்லாம் புண்ணியம், பிளாஸ்டிக்கெல்லாம் பாவம் என்று நான் சொல்லவில்லை. நாலுபேர் சேர்ந்து ஆடும் பிளாஸ்டிக் பந்து, பூட்டி வைத்த விலையுயர்ந்த மரக்குதிரையைவிட ஆயிரம் மடங்கு மேல். வீடு மந்திரிக்கப் போன இடத்தில் ஒன்று கண்டேன். தகப்பனார் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெரிய கார், பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. “உடைச்சிருவான் சாமி, அவுக வந்தாத்தான் எடுக்கணும்” என்றார் தாயார். சிறுவனோ இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். “இது எங்க அப்பா கார், ஏர்போட்டுக்குப் போகுது” என்றான் என்னிடம். தகப்பன்மாரே, தூரத்திலிருக்கும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காகவே அங்கே வியர்வை சிந்துகிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை விரும்பியது காரையல்ல. ஊரிலிருக்கும் தகப்பன்மாரே, உங்களுக்கு என்ன சாக்கு? பொம்மையைக் கொடுத்துவிட்டு, ‘தொந்தரவு விட்டது’ என்று எழுந்து போகிறோமே, அதுவல்லவோ குறை! பொம்மை நமக்குப் பதில் ஆளல்ல. நம்மைத் தரையில் உட்காரவைக்கும் அழைப்பு.

அர்ச். குழந்தை தெரேசம்மாள் தன்னைப் பாலசேசுவின் விளையாட்டுப் பொருளாக ஒப்புக்கொடுத்தாள். எப்படிப்பட்ட பொருளாக? பார்த்து ரசித்துவிட்டுத் தொடாமல் வைக்கும் விலையுயர்ந்த பொம்மையாக அல்ல. உருட்டவும், உதைக்கவும், மூலையில் போட்டுவிடவும் கூடிய விலையற்ற சிறு பந்தாக. உத்தம பொம்மையின் இலட்சணம் அந்த அர்ச்சியசிஷ்டவளுக்குத் தெரிந்திருந்தது: கையில் எடுப்பவருக்கு முழுவதும் தன்னைக் கொடுத்துவிடுவதே அது.

இந்த வருஷம் நம் பங்கில் ஒன்று செய்வோம். 1223-ம் வருஷம் கிரேச்சோ என்னும் ஊரில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு கர்த்தர் பிறந்த காட்சியை அமைத்ததிலிருந்து குடில் கட்டும் வழக்கம் பரவிற்று. மதுரையை அடுத்த விளாச்சேரியில், விநாயகர் சிலைகளும் கொலு பொம்மைகளும் செய்கிற அதே கைகள் நமக்காகக் குடில் சுரூபங்களும் செய்கின்றன. பாலனும் தேவமாதாவும் சூசையப்பரும் அவர்களிடமிருந்தே வரட்டும். ஆட்டுக்குட்டிகளை மட்டும் நம் பிள்ளைகளே கண்மாய்க் களிமண்ணால் செய்து கொண்டுவரட்டும். கால் கோணலானாலும் பரவாயில்லை. பெற்றோர் கூட உட்கார்ந்து உருட்டிக் கொடுங்கள். பனையோலையில் கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். மந்திரித்த குருத்தோலையை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். அது சாம்பல் புதன்கிழமைக்கு உரியது.

ஞானோபதேசப் பிள்ளைகளுக்கு இந்த முறை பம்பரமும் செப்பும் வாங்கப் போகிறேன். சாட்டை சுற்றக் கற்றுக்கொடுக்கத் திருநாளன்று சாயங்காலம் நானே முற்றத்தில் இருப்பேன். தகப்பன்மாரும் வாருங்கள். போன வருஷம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட குடிலின் முன்னால், இந்த வருஷம் பம்பரம் சுழலும் சத்தத்தைத் திருப்பாலகர் கேட்கட்டும்.

நசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களையும், உங்கள் பிள்ளைகளின் சின்னஞ்சிறு கைகளையும் ஆசீர்வதித்துக் காப்பதாக. ஆமென்.

கிறிஸ்துநாதரில் உங்கள்,
பங்குக் குரு